காப்பாத்துற ஜீனே கவுத்துவிட்டா?

மேற்கு ஆப்பிரிக்காவில் பலருக்கு இருக்கும் 'அபோல்1' ஜீன் மாற்றங்கள் டபுள் ஆக்‌ஷன் பார்ட்டி பாஸ்! ட்ஸெட்ஸி ஈ பரப்பும் உயிர்க்கொல்லி தூக்க நோயை எதிர்க்க உதவும். அதே மாற்றங்கள் கிட்னிக்கு வேட்டும் வைக்கும்.

'பி.பி.தான் வில்லன்'னு ரொம்ப காலம் பழி போட்டாங்க. 2010-ல், ஆப்பிரிக்க அமெரிக்கர்களை ஆராய்ந்தபோதுதான் இந்த ஜீன் மாட்டியது. அப்பா, அம்மா ரெண்டு பக்கமும் வந்தாதான் ஆபத்துன்னு நினைச்சாங்க. நைஜீரியா, கானாவில் 8,000 பேருக்கு மேல் ஆராய்ந்த முடிவு 2024-ல் வந்தது: ஒரு பக்கம் வந்தாலே வாய்ப்பு சுமார் 18% கூடுது!

ஜீன் இருக்கிற எல்லாருக்கும் நோய் வராது. ஆனா, கிட்னி கெடும்போது ஆரம்பத்தில் சத்தமே போடாது. அதனால பி.பி., யூரின் டெஸ்ட் முக்கியம். ஜீனை மாத்த முடியாது... பி.பி. பார்க்க கையை நீட்டலாமே!