இரண்டு விரலில் இருக்கிறது ரெயில் ஜன்னல்!

ரெயிலில் ஏறியதும் எல்லோரும் தேடும் இடம் எது? ஜன்னல் ஓரம்!

பிள்ளைகளுக்கு அதில் சண்டை. பெரியவர்களுக்கும் உள்ளூர ஆசை. இடம் கிடைத்தவர் ராஜா மாதிரி உட்கார்ந்துகொள்வார்.

ஆனால் மழை வந்துவிட்டால் ராஜாவுக்கு ஒரு வேலை வந்து சேரும். “தம்பி! ஷட்டரை இறக்கி விடுப்பா, எல்லாம் நனையுது” என்று எதிரில் இருக்கும் பாட்டி சொல்வார். தம்பி எழுந்து இழுப்பார். வராது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பார். அப்போதும் வராது. பக்கத்தில் இருப்பவர் பொறுமை இழந்து எழுவார். இரண்டு ஓரத்திலும் விரலை வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். ஷட்டர் ‘சர்’ என்று இறங்கிவிடும்.

தம்பி பலசாலிதான். ஆனால் கொண்டி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை!

அந்தச் சின்னக் கொண்டியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மழைக்கு மட்டும் அது உதவுவது இல்லை. ஆபத்து வந்தால் உயிரே அதன் கையில் இருக்கிறது.

பட்டு மூட்டையும் ஜன்னலும்

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது ஆரணி. பட்டுச் சேலைக்கும் அரிசிக்கும் பேர்போன ஊர். ஆரணிப் பட்டு, புவிசார் குறியீடு பெற்ற பட்டு.

இந்த ஊர்க்காரர்கள் ரெயில் ஏற வேண்டுமானால் களம்பூருக்குப் போகவேண்டும். அங்கே உள்ள நிலையத்துக்கு “ஆரணி ரோடு” என்று பெயர். நிலையத்தின் பெயரில் “ரோடு” என்று ஒட்டியிருந்தால், “ஊர் இங்கே இல்லை, இந்த ரோட்டில் போனால் வரும்” என்று அர்த்தம்! வெள்ளைக்காரர் காலத்தில் வைத்த வழக்கம் இது. வாலாஜா ரோடும் அப்படி வந்த பெயர்தான்.

ஆரணி ரோடு, விழுப்புரம்-காட்பாடி பாதையில் இருக்கிறது. முன்பு மீட்டர் கேஜ் ரெயில் ஓடிய பாதை. இப்போது அகலப் பாதை ஆகிவிட்டது.

பட்டுச் சேலை மூட்டையோடு ஜன்னல் ஓரம் உட்காருகிறவருக்கு மழை என்றால் பயம். பட்டில் தண்ணீர் பட்டால் கறை விழும். ஜரிகை கறுக்கும். பல நாள் உழைப்பு ஒரு சாரலில் பாழ்! கரி எஞ்சின் ஓடிய காலத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. எஞ்சினிலிருந்து பறந்து வரும் நெருப்புப் பொறி ஜன்னல் வழியாக உள்ளே விழும். துணியில் ஓட்டை போட்டுவிட்டுத்தான் அணையும்.

ஆகவே, ஷட்டரை உடனே இறக்கத் தெரிவது நெசவாளருக்குச் சோற்றுப் பிரச்சினை.

கொண்டி எப்படி வேலை செய்கிறது?

குளிர்சாதனம் இல்லாத பெட்டியின் ஜன்னலில் இரண்டு சட்டங்கள் இருக்கும். ஒன்று கண்ணாடி. இன்னொன்று, சரிவான பட்டைகளை வரிசையாக அடுக்கிய மறைப்பு. காற்று வரும், வெயில் வராது. இரண்டுமே மேலும் கீழும் நகரக்கூடியவை.

சட்டத்தின் அடியில் பாருங்கள். இடது ஓரத்தில் ஒரு கொண்டி, வலது ஓரத்தில் ஒரு கொண்டி இருக்கும். ஒவ்வொரு கொண்டிக்குப் பின்னாலும் ஒரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் கொண்டியின் மூக்கை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஜன்னலின் இரண்டு பக்கத்து ஓரங்களிலும் பள்ளங்கள் உண்டு. கொண்டியின் மூக்கு அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தால் சட்டம் அசையாது. விரலால் அழுத்தினால் மூக்கு உள்ளே வரும். சட்டம் விடுபடும்.

ஸ்பிரிங் எதற்கு? சாதாரணத் தாழ்ப்பாள் போதாதா?

போதாது. வீடு நிற்கிறது, ரெயில் ஓடுகிறது. ஓடும்போது பெட்டி முழுவதும் அதிர்கிறது. வெறும் தாழ்ப்பாளாக இருந்தால், அந்த அதிர்ச்சியில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து தானே கழன்றுவிடும். கனமான சட்டம் ‘தடால்’ என்று விழும். ஜன்னலில் கை வைத்திருப்பவரின் கதி என்ன? இந்த ஆபத்து வராமல், ஸ்பிரிங் கொண்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

நெசவாளர்களுக்கு இது புதிது அல்ல. நெய்த துணியைச் சுருட்டும் உருளையின் ஓரத்தில் பல தறிகளில் ஒரு பல் சக்கரம் இருக்கும். அதன் பல்லில் ஒரு கொண்டி மாட்டிக்கொண்டிருக்கும். கொண்டி இருக்கும்வரை துணி விறைப்பாக நிற்கும், பின்னால் சுழலாது. கொண்டியைத் தூக்கினால் தளரும். பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்கவேண்டும். விடச் சொன்னால் விடவேண்டும். ரெயில் கொண்டிக்கும் தறிக் கொண்டிக்கும் வேலை ஒன்றுதான்.

தம்பி தோற்றது ஏன்?

இரண்டு கொண்டியையும் ஒரே நேரத்தில் அழுத்தவேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தி இழுத்தால் சட்டம் கோணலாகும். கோணலானதும் பக்கத்துக் காடியில் சிக்கிக்கொள்ளும். வீட்டு மேஜையின் இழுப்பறையை ஒரு மூலையில் பிடித்து இழுத்துப் பாருங்கள், அதே கதைதான். பிறகு எவ்வளவு பலமாக இழுத்தாலும் சிக்கல் இறுகுமே தவிர, இளகாது.

சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? சட்டத்தை முதலில் கொஞ்சம் எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். நேராகட்டும். பிறகு இரண்டு கைகளாலும் இரண்டு கொண்டியையும் அழுத்தி நகர்த்துங்கள்.

மேலே ஏற்றும்போது இரண்டு பக்கமும் ‘டக்’ என்ற சத்தம் வரவேண்டும். ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால் பாதிதான் மாட்டியிருக்கிறது. லேசாகக் கீழே இழுத்துப் பார்த்து, நிற்கிறது என்று தெரிந்த பிறகே பிள்ளைகளை ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள். விரல்கள் பத்திரம்!

தோல் வாரும் சுருட்டுத் திரையும்

அந்தக் கால மரப் பெட்டிகளில் முறை வேறு. பல பெட்டிகளில் ஜன்னல் சட்டம் கீழே இறங்கி, சுவருக்குள் இருக்கும் பை போன்ற இடத்தில் போய் ஒளிந்துகொள்ளும். சீமை ரெயில்களில் அதைத் தூக்க ஒரு தோல் வார் இருந்தது. இடுப்பு பெல்ட் மாதிரி வாரில் ஓட்டைகள் உண்டு. வாரை இழுத்து, வேண்டிய ஓட்டையை ஒரு முளையில் மாட்டினால் ஜன்னல் அந்த உயரத்தில் நிற்கும்.

அழகான ஏற்பாடுதான். ஆனால் சுவருக்குள் இருக்கும் பையில் மழைத் தண்ணீரும் இறங்கும். மரம் ஊறும்; இரும்பு துருப்பிடிக்கும்.

வெயிலை மறைக்கும் சுருட்டுத் திரைக்கும் ஒரு கொண்டிக் கதை இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டூவர்ட் ஹார்ட்ஷார்ன் என்பவர் 1864-ல் ஓர் உருளைக்குக் காப்புரிமை வாங்கினார். உருளைக்குள் சுருள் ஸ்பிரிங். ஓரத்தில் பல் சக்கரமும் குட்டிக் கொண்டியும். திரையை மெதுவாக இழுத்து நிறுத்தினால் கொண்டி பல்லில் விழுந்து பிடித்துக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டால் கொண்டி விலகும். ஸ்பிரிங் திரையை ‘விர்’ என்று சுருட்டிவிடும். வேகமாகச் சுழலும்போது கொண்டி பல்லில் விழாது. வேகம் அதைத் தள்ளியே வைத்திருக்கும். விரலே படாமல் திறக்கும் கொண்டி! சென்னையில் உருவான வந்தே பாரத் ரெயிலின் ஜன்னல்களிலும் சுருட்டுத் திரைகள் இருக்கின்றன.

பெரம்பூரில் பிறந்த பெட்டிகள்

நாம் பார்த்துப் பழகிய இரும்புப் பெட்டிகள் பெரம்பூரில் பிறந்தவை. அங்கே உள்ள ரெயில் பெட்டித் தொழிற்சாலையை 1955-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி பிரதமர் நேரு திறந்துவைத்தார். பெட்டியின் அமைப்பு சுவிட்சர்லாந்து நாட்டு ஸ்லீரன் நிறுவனத்தினுடையது. அந்தப் பழைய வகைப் பெட்டிகள் 50 ஆயிரத்துக்கும் மேல் அங்கே உருவாயின. 2018 ஜனவரியில் அந்த வகை நிறுத்தப்பட்டது. அதன் பிறகு ஜெர்மனி நாட்டு அமைப்பில் உருவான எல்.எச்.பி. பெட்டிகள் வருகின்றன.

சுவிட்சர்லாந்துக்காரருக்கு விசித்திரமாகப் படும் ஒரு பொருள் நம் ஜன்னல்களில் உண்டு. அதுதான் குறுக்குக் கம்பி! பிள்ளை வெளியே விழக்கூடாது. திருடன் கை நுழையக்கூடாது. டிக்கெட் இல்லாதவர் ஜன்னல் வழியாக ஏறக்கூடாது. கம்பிக்கு நியாயமான காரணங்கள்தான்.

ஆனால் வெளியே இருப்பவரை உள்ளே விடாத கம்பி, உள்ளே இருப்பவரையும் வெளியே விடாதே!

பூட்டிய கதவுகள்

1842-ம் ஆண்டு மே 8-ந் தேதி. பிரான்ஸ் நாட்டில் வெர்சேல்ஸ் நகரில் திருவிழா. பார்த்துவிட்டு மக்கள் பாரீசுக்கு ரெயிலில் திரும்பினார்கள். வழியில் எஞ்சினின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. எஞ்சின் நெருப்பு பெட்டிகளில் பற்றியது.

ஓடும் ரெயிலில் இருந்து பயணிகள் இறங்கிவிடக்கூடாது என்று கதவுகளை வெளியே பூட்டியிருந்தார்கள். உள்ளே இருந்தவர்களால் திறக்க முடியவில்லை. 50-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தென் துருவக் கடல்வரை கப்பலில் போய் உயிரோடு திரும்பிய மாலுமி டூமோன் டுர்வில், மனைவி மகனோடு அந்தப் பெட்டியில் இறந்தார். அதோடு பிரான்சில் கதவைப் பூட்டும் வழக்கம் ஒழிந்தது.

பழங்கதை என்று தள்ள முடியாது. 2012 ஜூலை 30-ந் தேதி விடியற்காலை, டெல்லியில் இருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த தமிழ்நாடு எக்ஸ்பிரசில் நெல்லூர் அருகே ஒரு படுக்கைப் பெட்டி எரிந்தது. 30-க்கும் மேற்பட்டவர்கள் தூக்கத்திலேயே தீயில் சிக்கி மாண்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி, பெங்களூரில் இருந்து நாந்தேடு சென்ற எக்ஸ்பிரசில் புட்டபர்த்தி அருகே குளிர்சாதனப் பெட்டி எரிந்தது. 26 பேர் பலி.

தீயைவிடப் புகைதான் முதலில் கொல்லும். புகை சூழ்ந்தால் கண் தெரியாது. தேடி நிற்க நேரமும் கிடையாது.

சிவப்பு ஜன்னல்

இதற்காகவே ஒவ்வொரு பெட்டியிலும் அவசர ஜன்னல்கள் வைத்திருக்கிறார்கள். சிவப்பு எழுத்தில் குறித்திருக்கும். சிலவற்றில் குறுக்குக் கம்பியே இராது. சிலவற்றில் கொண்டியை விடுவித்தால் கம்பிச் சட்டம் முழுதுமாக மேலே எழும்.

குளிர்சாதனப் பெட்டியில் ஜன்னல் திறக்காது. அங்கேயும் அவசர ஜன்னல் உண்டு. சிலவற்றில் சிவப்புக் கைப்பிடி இருக்கும். சிலவற்றில் கண்ணாடியை உடைக்கச் சிறு சுத்தியல் வைத்திருப்பார்கள். சுத்தியலால் கண்ணாடியின் நடுவில் அடிக்காதீர்கள். நடுப்பகுதி அடியை வாங்கிக்கொண்டு வளைந்து கொடுக்கும். மூலையில் அடித்தால் சீக்கிரம் உடையும்.

பவுர்ணமி நாளில் திருவண்ணாமலைக் கூட்டத்தைப் பாருங்கள்! அவசர ஜன்னல் எது என்று அப்போது யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. முதலில் துண்டு போகும். பிறகு பை போகும். அதன் பிறகு பிள்ளையும் உள்ளே போய்விடும்! ஏறுவதற்குத் தெரிந்த வழி, இறங்குவதற்கும் நினைவு இருக்குமா? சாதாரண நாளில் அதே ஜன்னலை மறைத்து மூட்டையும் பெட்டியும் அடுக்கி வைக்கிறோமே! பட்டு மூட்டையானாலும் அங்கே வைப்பது தவறுதான்.

இன்னொரு எதிரி துரு. கொண்டியில் தூசியும் துருவும் சேர்ந்தால் ஸ்பிரிங் இறுகும். பெயிண்டு அடிக்கும்போது கொண்டியையும் சேர்த்துப் பூசிவிட்டால் அது அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஆபத்து வேளையில் இதைக் கண்டுபிடித்து என்ன பயன்? ரெயிலில் உட்கார்ந்ததும் பக்கத்து ஜன்னலின் இரண்டு கொண்டிகளையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அரை நிமிட வேலை. அவசர ஜன்னல் எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். இருட்டிலும் புகையிலும் கையால் தடவிக்கொண்டே போக அந்த எண்ணிக்கை உதவும்.

கொண்டி அசையாவிட்டால் டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லலாம். 139 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் புகார் கொடுக்கலாம். ரெயில் எண், பெட்டி எண், உங்கள் இடத்தின் எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். பெட்டி எண்ணை ஏறும்போதே வாசல் பக்கத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.