நிறையும் உருவும்: ஓர் அலுக்குத்தை முன்வைத்துச் சிற்ப நகைகள் பற்றி

2017 மே மாத வெள்ளம் கலவானைக்குள் வந்தபோது எங்கள் வீட்டு அலுமாரி பாதிக்கு மேல் தண்ணீரில் நின்றது. வெள்ளம் வடிந்து, சேறு அள்ளி முடித்த பிறகு, ராத்தா ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே நனைந்த துணிமுடிச்சு ஒன்று. அதற்குள் உம்மும்மாவின் அலுக்குத்துச் சோடி.

அலுக்குத்து என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. எங்கள் மூத்த பெண்கள் காதில் அணிந்த பழைய அணிகளுள் அதுவும் ஒன்று. உம்மும்மாவினது, மெல்லிய பொன் தகட்டைக் கூம்பாக வளைத்து, அதன் கீழ் மூன்று உருண்டைகளை ஒட்டி, விளிம்பில் சின்னச் சின்ன இலைகளைத் தொங்கவிட்டது. உள்ளே அரக்கு நிரப்பியிருந்தது. "உம்மும்மா ஸுஜூதுல இருந்து எழும்பக்குள்ள கிலுகிலுன்னு கேக்குமே, ஞாபகம் ஈக்கா தம்பி?" என்று ராத்தா கேட்டார். ஞாபகம் இருந்தது.

ஆனால் கூரைத் தகடு வாங்கக் காசு வேண்டும். சோடியை எடுத்துக்கொண்டு ஒரு நகைக் கடைக்குப் போனோம். கடைக்காரர் தராசில் வைத்தார், ஓரத்தில் உரசிப் பார்த்தார். "உள்ளுக்குள்ள அரக்கு. அதக் கழிச்சா பெருசா ஒண்டும் வராது" என்றார். யார் செய்தது, எந்தக் காலத்தது என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை, எங்களுக்கும் தெரியாது. ஒன்றை விற்றோம். மற்றதை ராத்தா கைக்குள் பொத்திக்கொண்டு வந்துவிட்டார். விற்றது அன்றே உருகியிருக்கும்.

இந்தக் கட்டுரை அந்த ஒற்றை அலுக்குத்திலிருந்து தொடங்குகிறது. தராசு கழித்த அந்த அரக்குக்கு உண்மையில் பெறுமதி இல்லையா?

கல்லுக்குச் சட்டை

எங்கள் ஊர் கல்லை அறிந்த ஊர். வாப்பா மாணிக்கத் தரகர். நிறம், சுத்தம், நிறை என்ற மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் நகையென்றால் திரும்பியும் பார்க்கமாட்டார். "கல்லப் பாரு மகன். நகை கல்லுக்குப் போட்ட சட்டை" என்பார். நாடும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தது. 1971இல் அமைந்தது அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனம். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அதிகார சபையின் பெயரில்தான் கல்லோடு ஆபரணமும் சேர்ந்தது.

உலகத்தின் கலைக்கூடங்களில் 'சிற்ப நகை' என்று ஒரு வகை உண்டு. அதை விளங்கிக்கொள்ள வாப்பாவின் பேச்சைத் தலைகீழாக்கினால் போதும். அங்கே உருவம்தான் முதல். கல்லும் பொன்னும் அதற்குப் பணிசெய்பவை. பித்தளைக் கம்பியாக இருக்கலாம், மாட்டுக் கொம்பாக இருக்கலாம், விலை குறைந்த கல்லாக இருக்கலாம். அது தட்டையான அலங்காரமாக இராது. முன்னும் பின்னும் பக்கமும் பார்க்கும்படி கனபரிமாணம் கொண்டிருக்கும். மேசையில் கிடக்கும்போது பாதிதான். உடம்பில் ஏறி, உடம்பு அசையும்போதே முழுமையாகும். பெரும்பாலும் ஒன்றே ஒன்றாகச் செய்யப்படும். செய்தவரின் கை அதில் தெரியும்.

சப்ரகமுவயிலிருந்து கெம்டன் வரை

இந்தச் சிந்தனைக்கும் நமது மண்ணுக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. ஆனந்த குமாரசுவாமியைக் கலை அறிஞராக அறிவோம். அவர் முதலில் புவியியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளராக இருந்தவர். சப்ரகமுவயின் மாணிக்கச் சரளைகளில் கிடைத்த தோரியனைட் என்ற கனிமம் 1904இல் அறிவியல் உலகுக்குத் தெரியவந்ததில் அவருக்கு முக்கிய பங்குண்டு. கல்லைத் தேடிக் கிராமம் கிராமமாகப் போனவர், அந்தக் கிராமங்களின் தட்டார்களையும் கொல்லர்களையும் நெசவாளர்களையும் கண்டார். அவர் மனைவி எதெல் கூடவே புகைப்படம் எடுத்தார். அந்த அலைச்சலின் விளைவுதான் 1908இல் வெளியான 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூல்.

அந்த நூல் அச்சான இடத்தைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் சிப்பிங் கெம்டன் என்ற சிற்றூருக்கு அருகே, எஸெக்ஸ் ஹவுஸ் அச்சகத்தின் கையச்சுப் பொறியில் 425 பிரதிகள் அச்சாகின. அந்த அச்சகத்தைத் தொடங்கியவர் சி. ஆர். ஆஷ்பி. அவரே 1888இல் இலண்டனில் கைவினைக் கூட்டமைப்பொன்றைத் தொடங்கி, 1902இல் தொழிலாளர்களையும் குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு கெம்டனில் குடியேறியவர். கலைஞனே நகையை வடிவமைக்க வேண்டும் என்ற இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். வெள்ளி, எனாமல், முத்து, சந்திரகாந்தக் கல் என்று எளிய பொருட்களில் அவர் கூட்டமைப்பினர் மயிலும் பூவுமாக நகை செய்தார்கள். கல்லைக் காரட் கணக்குக்காக அல்ல, நிறத்துக்காகவும் ஒளிக்காகவும் பதித்தார்கள். பட்டை தீட்டாமல் உருட்டி மெருகிட்ட கற்களையே விரும்பினார்கள். எதெலின் சகோதரர் பிரெட் பார்ட்ரிட்ஜ் அதே கூட்டமைப்பில் நகை செய்தவர்; மாட்டுக் கொம்பைச் செதுக்கிச் சீப்பும் தலையணியும் ஆக்கியதில் பேர்பெற்றவர்.

ஆக, நமது சரளைகளை ஆராய்ந்த மனிதரின் மைத்துனர் கொம்பில் நகை செய்தார். நீலத்தின் நிறையைக் கணக்கிட்டு நாம் காசு எண்ணிய அதே ஆண்டுகளில், விலையற்ற பொருளுக்கு அங்கே கையால் விலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆயினும் அந்தக் கூட்டமைப்பு நீடிக்கவில்லை. மலிவான இயந்திர நகைகளோடு போட்டியிட முடியாமல் 1908க்குள் கலைந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிறகு வந்தவர்களில் அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் முக்கியமானவர். காற்றில் அசையும் தொங்குசிற்பங்களால் புகழ்பெற்ற அவர், வாழ்நாளில் ஏறக்குறைய 1,800 நகைகள் செய்தார். பெரும்பாலும் பித்தளை, வெள்ளிக் கம்பியைச் சுத்தியலால் அடித்து வளைத்தவை. 1955இல் அகமதாபாத்துக்கு வந்து தங்கியபோதும் சிற்பங்களோடு நகைகளும் செய்தார். 1942இல் நியூயோர்க்கில் தன் கலைக்கூடத்தைத் திறந்த பெகி குகன்ஹைம், ஒரு காதில் கால்டர் செய்த தோடும் மறு காதில் ஓவியர் தாங்கி செய்த தோடும் அணிந்து வந்தார். இரு கலைப் போக்குகளுக்கும் தான் பொது என்று காட்டுவதற்காக. சோடியில்லாத தோடு என்று யாரும் சிரிக்கவில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை என்று தள்ள வேண்டாம். எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த தமிழ்ப் பெண்களின் ஊர்களில், தண்டட்டியும் பாம்படமும் அணிந்தார்கள். உருண்டை, கனசதுரம், கூம்பு என்ற வடிவங்களை அடுக்கிக் கட்டிய அந்தக் காதணிகள் இன்றைய நவீன சிற்பங்களுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. அவற்றின் உள்ளேயும் அரக்குத்தான். காரணம் இதுதான்: முழுப்பொன்னில் அத்தனை பெரிய உருவம் செய்தால் காது தாங்காது, குடும்பமும் தாங்காது. தகட்டை மெல்லியதாக அடித்து அரக்கை நிரப்பினால், குறைந்த பொன்னில் பெரிய உருவம் எழும், நசுங்காமலும் நிற்கும். கடைக்காரர் கழித்த அரக்கில்தான் தட்டாரின் கெட்டித்தனம் இருந்தது.

நமது கேள்விகள்

'சிற்பம்' என்ற சொல் நமக்குள் ஒரு தயக்கத்தை உண்டாக்கும். உயிருள்ளவற்றின் உருவம் செய்வது பற்றிய மார்க்க வரையறைகளை நாம் அறிவோம். ஆனால் இக்கலைக்கு உருவச்சிலை அவசியமில்லை. கூம்பு, வளைவு, இலை, எழுத்து எல்லாமே அதற்குப் போதும். அவை நம் மூத்தவர்களின் நகைகளில் ஏற்கனவே இருந்தவை.

நபி (ஸல்) அவர்கள் மன்னர்களுக்குக் கடிதம் அனுப்ப நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் படிக்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டது. அதனால் வெள்ளி மோதிரம் ஒன்று செய்வித்தார்கள். அதில் மூன்று வரிகளில் மூன்று சொற்கள். அந்தப் பொறிப்பை வேறெவரும் பொறிக்கக்கூடாது என்றும் தடுத்தார்கள். அந்த மோதிரத்தின் கனம் வெள்ளியில் இல்லை. அதன் எழுத்திலும், அது ஒன்றே ஒன்று என்பதிலும் இருந்தது.

ஸகாத் சட்டத்திலும் இதைக் காணலாம். ஹனபி மத்ஹபில் நிஸாபை எட்டிய நகைக்கு ஸகாத் உண்டு. நம்மில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, பெண்கள் வழமையான அளவில் அணியும் நகைக்கு இல்லை. ஆனால் உருக்கித்தான் மறுபடி செய்ய வேண்டும் என்ற அளவுக்கு அது உடைந்துபோனால் அந்த விலக்கு நீங்கிவிடும். பத்வா சொல்வது என் வேலையல்ல. எனக்கு விளங்குவது இவ்வளவுதான்: உருவத்தோடு அணியப்படும்போது ஒன்று, உருவம் போனால் வேறொன்று என்று நமது சட்ட அறிஞர்கள் பிரித்தே பார்த்திருக்கிறார்கள். உருவத்தை ஒரு பொருட்டாக மதிக்காதது தராசு மட்டும்தான்.

வறுமையில் நகையை விற்பவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நானும் விற்றவன். கேட்பது சிறியது. விற்பதற்கு முன் முன்னும் பின்னும் படம் எடுங்கள், பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து. நிறையைக் குறியுங்கள். யார் அணிந்தார், எந்த ஊர்த் தட்டார் செய்தார், அதை என்ன பெயரால் அழைத்தோம் என்று வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் கேட்டு எழுதுங்கள். இரத்தினபுரியில் கல் வெட்டப் பழகும் நமது பிள்ளைகளிடம் ஒருமுறையாவது அந்தப் படங்களைக் காட்டுங்கள். கல்லைத் தாங்கும் உருவத்தையும் தாங்களே ஆக்கலாம் என்று அவர்களில் ஒருவருக்குத் தோன்றினாலும் போதும்.

எங்களிடம் மிஞ்சிய ஒற்றை அலுக்குத்தை ராத்தாவின் மகள் பெருநாளன்று ஒரு காதில் போட்டுக்கொண்டு வந்தாள். மறு காது வெறுமையாக இருந்தது. "மத்தது எங்க?" என்று யாரோ கேட்டார்கள். ராத்தா அண்ணாந்து வீட்டுக் கூரையைக் காட்டினார்.