மூன்று மதத்தாரும் கட்டிய ஊர் டொலேடோ

ஸ்பெயின் நாட்டின் தலைநகர் மாட்ரிட்டிலிருந்து தெற்கே சுமார் 70 கிலோமீட்டர். வேக ரயிலில் ஏறினால் அரை மணி நேரம்தான். மூன்று பக்கமும் நதி வளைந்து ஓட, நடுவே பாறைக் குன்றின் மேல் மதில்களும் கோபுரங்களுமாகக் காட்சியளிக்கிறது டொலேடோ. நதியைக் கடக்கும் பழைய பாலத்தின் பெயர் அல்கந்தாரா. அரபு மொழியில் இந்தச் சொல்லுக்குப் பொருளே 'பாலம்' என்பதுதான்!

ஊருக்குள் எல்லாம் குறுகிய சந்துகள், மேடும் பள்ளமும். நடந்துதான் பார்க்க வேண்டும். முதலில் கண்ணில் படுவது 999-ம் ஆண்டில் முஸ்லிம்கள் கட்டிய சின்னஞ்சிறு மசூதி. உள்ளே ஒன்பது விதானங்கள். ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. 1085-ல் ஆறாம் அல்போன்சோ மன்னர் நகரைக் கைப்பற்றினார். பின்னர் மசூதி மாதா கோயிலாக மாறியது. ஆனால் முகப்பில் செங்கல்லால் அமைத்த அரபு எழுத்துக்களை யாரும் அழிக்கவில்லை. இன்றும் காணலாம்.

மன்னர் மாறினாலும் அரபு நூல்களுக்கு மதிப்புக் குறையவில்லை. 12-ம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து இங்கு வந்த ஜெரார்டு என்ற அறிஞர் அரபு கற்று, சுமார் 70 நூல்களை லத்தீனில் மொழிபெயர்த்தார். அல்ஜீப்ரா நூலும் அவற்றில் ஒன்று.

அந்த நூற்றாண்டின் இறுதியில் யூதர்கள் ஒரு தொழுகைக்கூடம் கட்டினார்கள். வரிசை வரிசையாக வெள்ளைத் தூண்கள், குதிரை லாடம் போன்ற வளைவுகள். பார்த்தால் மசூதி போலிருக்கிறது, கட்டியவர்கள் யூதர்கள், இன்றைய பெயரோ 'சாந்தா மரியா லா பிளாங்கா', அதாவது வெள்ளை மாதா கோயில்!

ஊரின் நடுவே நிற்கும் பேராலயத்தின் கட்டிட வேலை 1226-ல் தொடங்கி 1493-ல் முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 'மதம் மாறு, அல்லது நாட்டை விட்டு வெளியேறு' என்று யூதர்களுக்கு அரச கட்டளை பிறந்தது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் சில மாத அவகாசத்தில் கிளம்ப வேண்டியதாயிற்று.

துருக்கி, கிரீஸ் பக்கம் குடியேறியவர்கள் தங்கள் பழைய ஸ்பானியப் பேச்சை விடவில்லை. நானூறு ஆண்டு கழித்தும் அவர்கள் வீடுகளில் அந்தப் பேச்சுதான். இந்த வம்சத்தினருக்குக் குடியுரிமை வழங்க ஸ்பெயின் சட்டம் இயற்றியது 2015-ல். 523 ஆண்டுகள் கடந்து வந்த அழைப்பு அது. விண்ணப்பங்கள் 2019 வரை ஏற்கப்பட்டன.

அவர்களுடைய முன்னோர் விட்டுச் சென்ற வெள்ளைத் தூண்கள் டொலேடோவில் அப்படியே நிற்கின்றன.