வைக்கோலின் பூட்டு

டில்லியிலும் ஹரியானாவிலும் வாழும் நேயர்கள், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானத்தை மூடும் புகையை நன்கறிவர். நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே சில வாரங்களே இருப்பதால், அங்குள்ள உழவர் பலர் தாளை வயலிலேயே கொளுத்திவிடுகின்றனர். நம் ஊரில் மாட்டுக்கு இடும் வைக்கோல் அங்கே நெருப்புக்கு இரையாகிறது. அதனை எரிபொருளாக மாற்றுவதற்கென்றே, இந்தியன் ஆயில் நிறுவனம் பானிப்பட்டில் அமைத்த ஆலை 2022 ஆகஸ்டு 10-ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எரிசாராயம் வடிப்பது அதன் நோக்கம்.

கரும்பாலைக் கழிவுப்பாகில் சர்க்கரை ஆயத்தமாக இருக்கிறது. ஈஸ்ட்டைச் சேர்த்தால் நுரைக்கத் தொடங்கும். வைக்கோலிலும் சர்க்கரை உண்டு. ஆனால் அது பூட்டி வைத்த சர்க்கரை. செல்லுலோஸ் என்னும் நார், குளுக்கோஸ் அணுத்திரள்கள் கோத்த சங்கிலியே. அதனை ஹெமிசெல்லுலோஸ் சூழ்ந்திருக்கிறது. இவ்விரண்டையும் லிக்னின் என்னும் பொருள் சாந்து பூசியதுபோல் இறுக்குகிறது. நாரைச் சர்க்கரையாக்கும் என்ஸைமை வைக்கோலில் நேரே விட்டால், அது உள்ளே நுழைய வழியின்றி நின்றுவிடும். ஆகவே முதலில் வைக்கோலைப் பதப்படுத்த வேண்டும். நம் கருத்தில், முழு வேலையின் கடினமான பகுதி இதுவே.

நீர்த்த கந்தகத் திராவகத்தில் நனைத்த வைக்கோலை, மூடிய கலத்தில், 150 முதல் 200 டிகிரி சென்டிகிரேட் வரையுள்ள சூட்டில் சில நிமிடம் நீராவியால் வேகவைப்பது ஒரு முறை. ஹெமிசெல்லுலோஸ் கரைந்து ஸைலோஸ் என்னும் சர்க்கரையாகிறது. நாரில் நுண்துளைகள் திறக்கின்றன. பின்னர் சுமார் 50 டிகிரிச் சூட்டில் என்ஸைம் தன் வேலையைச் செய்யும். இதில் பதம் தவறலாகாது. சூடு குறைந்தால் பூட்டு திறவாது. மிகுந்தாலோ ஸைலோஸ் சிதைந்து பர்பூரல் ஆகிறது. அது ஈஸ்ட்டுக்கு நஞ்சு. இவ்வளவும் செய்து பெற்ற ஸைலோஸைச் சாதாரண ஈஸ்ட் தொடாது. அதற்கென மாற்றியமைத்த வகை வேண்டும். வைக்கோலில் சிலிக்கா மிகுதியாதலால் இயந்திரங்களும் விரைவில் தேய்கின்றன.

அசாமில் நுமாலிகட்டில் 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆலைக்கு மூங்கிலே மூலப்பொருள். மூங்கில் மரமன்று, புல்லே. புறத்தே வயிரமுடையவற்றைப் புல்லென்று தொல்காப்பியமும் வகுத்திருக்கிறது. பர்பூரல் அங்கே தொல்லையன்று; தனியே பிரித்து விற்கும் சரக்கு.

இனி வைக்கோலைத் திரட்டும் பாடு. ஆலைக்கு ஆண்டு முழுதும் தீனி வேண்டும். வைக்கோலோ சில வாரங்களில் வந்து குவிகிறது. அதற்குள் கட்டுக் கட்டும் இயந்திரமும், உழவருக்குக் கட்டுபடியாகும் விலையும் வயலுக்கு வந்து சேரவேண்டும். வாராவிடில், தீக்குச்சியின் விலை மிகக் குறைவு.