மயக்க மருந்துக்குத் துணைநிற்கும் மருந்துகள்

அறுவை சிகிச்சைக்குப்பின் மருந்துப் பட்டியலைக் காணும் குடும்பத்தினர் பலர், "மயக்க மருந்து ஒன்றுதானே? ஏன் இத்தனை பெயர்கள்?" என எங்களிடம் வினவுவதுண்டு. நியாயமான கேள்விதான்.

முற்காலத்தில் ஈதர் ஒன்றைக்கொண்டே மயக்கமளித்தனர். வயிற்றுத் தசைகள் தளர வேண்டுமெனில் அதனை மிகுதியாகச் செலுத்த நேர்ந்தது. மயக்கம் ஆழ்ந்தபோது இதயமும் சுவாசமும் சேர்ந்தே தளர்ந்தன. 1942இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹெரால்டு கிரிஃபித் என்னும் மருத்துவர், தென்னமெரிக்கப் பழங்குடியினரின் அம்பு நஞ்சான குராரேயிலிருந்து எடுத்த மருந்தைத் தசை தளர்த்தியாகப் பயன்படுத்தினார். அதன்பின் உறக்கத்துக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, தசைத் தளர்ச்சிக்கு ஒன்று எனப் பிரித்தளிக்கும் முறை வளர்ந்தது. இதனால் மயக்க மருந்தின் அளவு குறைகிறது. இதயத்தின் சுமையும் குறைகிறது.

தசை தளர்த்திகள் சுவாசத் தசைகளையும் செயலிழக்கச் செய்யும். ஆகவே அந்நேரம் முழுவதும் வென்டிலேட்டர் மூச்சளிக்கிறது. முடிவில், தளர்ச்சியை நீக்க நியோஸ்டிக்மின் தருவோம். அது இதயத் துடிப்பை மந்தமாக்கும் என்பதால் கிளைகோபைரோலேட்டையும் சேர்க்கிறோம். விழித்தவருக்கு வாய் வறண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரக்கப்பட்டு, செவிலியரைக் கேளாமல் தண்ணீர் கொடுத்துவிடாதீர்கள்.

உறக்கமளிக்கும் புரோபோஃபால் இரத்த நாளங்களை விரிப்பதால் இரத்த அழுத்தம் சரியக்கூடும். அதனை நிமிர்த்தவே எஃபெட்ரின், ஃபீனைல்எஃப்ரின் போன்றவை ஆயத்தமாக வைக்கப்படுகின்றன. நீங்கள் உட்கொள்ளும் அழுத்த மாத்திரைகளின் பெயர்களை நாங்கள் துருவிக் கேட்பதும் இதற்காகவே. சிலவற்றை அன்று காலை தவிர்க்கச் சொல்வோம். சிலவற்றைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. தாங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் கூறுங்கள். சக்சினைல்கோலின் என்னும் தசை தளர்த்தி ஒரு நிமிடத்தில் செயல்பட்டு, பொதுவாகப் பத்து நிமிடங்களுக்குள் நீங்கிவிடும். இரத்தத்திலுள்ள ஒரு நொதி அதனைச் சிதைப்பதே காரணம். பரம்பரையாக இந்நொதி குறைந்தவர்களுக்குத் தளர்ச்சி மணிக்கணக்கில் நீடிக்கலாம். தென்னிந்தியாவில் ஆரிய வைசியக் குடும்பங்களில் இக்குறை கூடுதலாகக் காணப்படுவது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது, பிறருக்கும் இருக்கக்கூடும். முன்னரே தெரிந்தால் வேறு மருந்தைத் தேர்ந்தெடுத்துவிடலாம். தெரியாமல் நேர்ந்தாலும், தளர்ச்சி நீங்கும்வரை மயக்கத்தையும் செயற்கைச் சுவாசத்தையும் தொடர்வோம்.

"ஆபரேஷன் முடிந்தும் பெரியப்பாவுக்கு நெடுநேரம் மூச்சு வரவில்லையாம்" என்று வீட்டில் எவரேனும் சொல்லியிருந்தால், அது எத்தனை ஆண்டுப் பழங்கதையாயினும், மயக்கவியல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.