பலகை ஒலிபெருக்கியும் அடிநாதமும்

இங்கிலாந்தின் ஹண்டிங்டன் நகரில் பீட்டர் வாக்கர் என்பார் நடத்திய தொழிலகம், 1957-ஆம் ஆண்டில் விந்தையான ஒலிபெருக்கி ஒன்றை வெளிக்கொணர்ந்தது. அதில் மரப்பெட்டியும் இல்லை, காகிதக் கூம்பும் இல்லை. குளிர்நாட்டு வீடுகளில் அறையைச் சூடாக்கும் கருவியை ஒத்த தட்டையான சட்டம். அதனுள் தலைமயிரினும் மெல்லிய பிளாஸ்டிக் படலம். உயர் மின்னழுத்தம் ஏற்றப்பெற்ற அப்படலம், துளையிட்ட இரு தகடுகளிடையே நின்று, மின்விசையால் முன்னும் பின்னும் அசைந்து ஒலி எழுப்புகிறது. குவாட் என்னும் பெயர் தாங்கிய இக்கருவியை இன்றும் பழுதுபார்த்துப் போற்றிவருவோர் உளர். மனிதக் குரல் அதில் அத்துணைத் தெளிவு. பாடுவோர் மூச்சு வாங்குவதும் கேட்கும்.

எனினும் குறை ஒன்று உண்டு. பெட்டி இல்லாமையால் படலத்தின் பின்புறத்திலிருந்தும் ஒலி புறப்படுகிறது. அது முன்புற ஒலிக்கு நேர் எதிரானது. 40 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் ஏறத்தாழ 8.5 மீட்டர். அத்தகைய நீண்ட அலை பலகையின் ஓரத்தை எளிதில் சுற்றிவந்து, எதிரலையோடு கலந்து மாய்ந்துபோகிறது. அன்றியும், சுரம் ஒரு ஸ்தாயி தாழும்போது, அதே உரப்போடு ஒலிக்கப் படலம் நான்கு மடங்கு தூரம் அசைந்தாக வேண்டும். நெருங்கி நிற்கும் தகடுகளிடையே அதற்கு இடமேது?

இதனால் யாருக்கு இழப்பு? பாடற்குழுவினரின் குரலையும் வயலினையும் விரும்பிக் கேட்போர்க்கு ஏதுமில்லை என்றே சொல்லலாம். அவர்கள் இதற்கெனப் பணம் செலவிட வேண்டுவதில்லை. ஆர்கன் இசையை நேசிப்போர் நிலை வேறு. 16 அடி நீளமுள்ள திறந்த குழாய் எழுப்பும் சுரம் சுமார் 33 ஹெர்ட்ஸ். 32 அடிக் குழாயினதோ 16 மட்டுமே. பாரிஸ் மாநகர் மதலேன் ஆலயத்தில் 1858 முதல் 1877 வரை ஆர்கன் வாசித்த சேன்-சான்ஸ், 1886-இல் அரங்கேறிய தம் மூன்றாம் சிம்பொனியில், மெதுவான பகுதியில்தான் அவ்விசைக்கருவியை முதன்முதல் நுழைக்கிறார். அங்கே அது முழங்குவதில்லை. தரைக்கடியிலிருந்து கசிவதுபோல் மெல்ல எழுகிறது. தேர்த் திருவிழாவில் பெருமேளத்தின் அருகே நின்றோர், செவிக்கு முன்னே நெஞ்சு கேட்பதை அறிவர். அந்த அடிநாதம் இல்லையேல், ஆலயத்தை அதன் தரையின்றிக் கட்டியதுபோல் ஆகும்.

ஆகவே சப்வூஃபரைத் துணைக்கு அழைக்கின்றனர். கனத்த கூம்பு மெல்லிய படலத்தோடு ஈடுகொடுத்து ஓடாது என்பது பழைய அன்பர்களின் முறையீடு. நம் கருத்தில், கூம்பின் கனத்தைவிட அறையின் எதிரொலியும் தவறான அமைப்புமே பெரும்பாலும் குற்றவாளிகள். பின்லாந்தின் கிரேடியன்ட் நிறுவனம் குவாட் பலகைகளுக்கென்றே, பலகையைப் போன்று இருபுறமும் ஒலிக்கும் பெட்டியற்ற சப்வூஃபர்களைச் செய்தளித்தது. பெட்டியுள்ள சப்வூஃபரும் தகும், பொறுமைதான் வேண்டும்.

இரண்டையும் பிரிக்கும் எல்லையை 60, 80 ஹெர்ட்ஸ் அளவில் வைப்பது நலம். அதற்குக் கீழே ஒலி எத்திசையிலிருந்து வருகிறதெனச் செவி அறியாது. தாழ்ந்த சுரங்களைப் பலகைக்கு அனுப்பாமலே தடுத்துவிட்டால், படலத்தின் சுமையும் குறையும். சப்வூஃபரை எங்கு வைப்பது என்பதே பெரும் கேள்வி. அறையின் மூலையில் வைத்தால் ஒலி பெருகும், ஆனால் சில சுரங்கள் மட்டும் உப்பிக்கொள்ளும். கையாளத்தக்க வழி ஒன்றுண்டு: நாம் அமரும் நாற்காலி இருக்குமிடத்தில் சப்வூஃபரை வைத்து, இசையை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துசென்று கேட்கவேண்டும். சுரங்கள் எங்கு சமமாகக் கேட்கின்றனவோ அங்கே அதனை நிறுத்தலாம். முழந்தாளிட்டுப் பழகிய நமக்கு இது அரிய செயலன்று! இரண்டு சப்வூஃபர்கள் வைக்க இயலுமாயின் ஒலி இன்னும் சீராகும்.

உரப்பைக் கூட்டும் ஆசைதான் பலரையும் கெடுக்கிறது. சப்வூஃபர் தனியே காதில் விழுமாயின் அளவு மிகுந்துவிட்டது என்க. அன்றியும், தாழ்ந்த ஒலி சுவரை எளிதில் ஊடுருவும். குரலும் வயலினும் கதவோடு நின்றுவிட, அடிநாதம் மட்டும் அடுத்த வீட்டுத் தொட்டிலருகே போய் நிற்கும். இரவில் அதன் திருகை மட்டும் சற்றே இறக்கி வைத்தால், பாடலும் கேட்கும். அவ்வீட்டுக் குழந்தையும் உறங்கும்.