கடதாசியில் விடுபட்ட பதக்கங்கள்

உங்கள் வீட்டில் முக்கியமான கடதாசிகளை எங்கே வைத்திருக்கிறீர்கள், சகோதரிகளே? பெரும்பாலான வீடுகளில் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின்னில்தான் அவை இருக்கும். பிறப்புச் சாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, காணி உறுதி எல்லாம் அதற்குள்ளேதான். தேவை வரும்வரை யாரும் அதைத் திறப்பதில்லை. திறக்கும் நாளில்தான் வாப்பாவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்திருப்பது கண்ணிற் படும். அந்த ஓர் எழுத்தைத் திருத்துவதற்குக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவர்களுக்கு இனி நான் சொல்லப் போகும் விடயம் அந்நியமாக இராது.

அமெரிக்காவில் இராணுவத்தில் இருந்து விலகிய ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு கடதாசி உண்டு. அதன் பெயர் 'டீ.டீ. 214'. 1950 முதல் பாவனையில் உள்ள இந்தப் படிவத்தில், எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார், எங்கே கடமையாற்றினார், என்னென்ன பதக்கங்கள் பெற்றார் என்பன யாவும் பதியப்பட்டிருக்கும். முன்னாள் இராணுவத்தினருக்கான வைத்தியசாலைக்குப் போனாலும் வீட்டுக் கடன் கேட்டாலும் முதலில் கேட்பது இதைத்தான். மரணித்த பின் இராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்வதற்கும் இதையே கேட்பார்கள்.

இத்தனை பெறுமதியான கடதாசியை அன்று தட்டச்சுச் செய்தவர் யார்? முகாமில் வரிசையாக நின்ற நூற்றுக்கணக்கானோரை ஒரே நாளில் அனுப்பி முடிக்க வேண்டியிருந்த ஓர் எழுதுவினைஞர். அதில் ஒப்பமிட்டவரோ இருபது, இருபத்தொரு வயது இளைஞர். அவருக்கு அன்று இருந்த ஒரே எண்ணம் வீட்டுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிப்பதுதான். எத்தனை பதக்கம் எழுதியிருக்கிறது என்று யார் எண்ணிப் பார்ப்பார்கள்?

நாற்பது, ஐம்பது வருடங்கள் கழிகின்றன. பேரப்பிள்ளை ஒருநாள், "அப்பப்பா, யுத்தத்தில் உங்களுக்கு என்ன பதக்கம் தந்தார்கள்?" என்று கேட்கிறது. அப்போதுதான் அந்தக் கடதாசி வெளியே எடுக்கப்படுகிறது. வியட்நாமில் ஒரு வருடம் முழுவதும் சேற்றிலும் மழையிலும் கிடந்தவரின் பத்திரத்தில், 24ஆம் கூட்டில், தேசிய பாதுகாப்புச் சேவைப் பதக்கம் என்ற ஒன்று மட்டுமே இருக்கிறது. அது அக்காலத்தில் நாட்டை விட்டு வெளியே போகாத சிப்பாய்க்கும் வழங்கப்பட்ட பதக்கம். அவர் வியட்நாமில் இருந்தார் என்பதற்கான அடையாளம் அதில் எதுவுமில்லை.

பதக்கங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று சேவைப் பதக்கம். இன்ன காலத்தில் இன்ன இடத்தில் கடமையில் இருந்தாலே போதும், அது உரித்தாகிவிடும். வியட்நாம் சேவைப் பதக்கம் இந்த வகையைச் சேர்ந்தது. அங்கு நடந்த யுத்தத்தை அமெரிக்க இராணுவம் 17 படையெடுப்புக் காலங்களாகப் பிரித்திருக்கிறது. ஒருவர் பங்குபற்றிய ஒவ்வொரு காலத்துக்கும் பதக்க நாடாவில் ஒரு சிறு வெண்கல நட்சத்திரம் சேரும். மற்றது வீரத்துக்கான பதக்கம். இதற்கு மேலதிகாரியின் சிபாரிசும் கண்ட சாட்சியும் ஆணைப் பத்திரமும் வேண்டும். முதல் வகையைத் திருத்துவது சுலபம். இரண்டாவதற்குத்தான் சிலருக்குத் தொண்ணூறு வருடங்களுக்கு மேல் எடுத்திருக்கிறது.

விடுபட்டதெல்லாம் எழுதுவினைஞரின் கவனக்குறைவு என்றும் சொல்லிவிட முடியாது. சில பதக்கங்கள் ஆள் வீட்டுக்கு வந்த பிறகே அறிவிக்கப்பட்டன. வியட்நாமில் கடமையாற்றிய அமெரிக்க இராணுவப் பிரிவுகளுக்குத் தென்வியட்நாம் அரசு வழங்கிய வீரச் சிலுவைக் கௌரவம் 1974ஆம் ஆண்டின் பொது ஆணையொன்றின் மூலமே எல்லாப் பிரிவுகளுக்கும் உரியதாயிற்று. 1969இல் விலகியவரின் கடதாசியில் அது எப்படி இருக்கும்? இரண்டாம் உலக யுத்தத்தில் முன்னணிக் காலாட்படைச் சின்னம் பெற்றவர்களுக்கு 'புரோன்ஸ் ஸ்டார்' பதக்கமும் உரித்தாகும் என்று 1947இல்தான் முடிவாயிற்று. அதற்குள் அவர்கள் வீடு திரும்பித் தத்தம் தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டால்தான் கிடைக்கும் என்பதே பலருக்குத் தெரியாது.

இவற்றையெல்லாம் சரிபார்ப்பதற்கு மூலக்கோவை வேண்டும். அங்கேதான் பெரிய சோதனை வந்தது.

மிசூரி மாநிலத்தில், சென் லூயிஸ் நகருக்கு அண்மையில், இராணுவத்தினரின் தனிநபர்க் கோவைகள் அனைத்தையும் சேர்த்து வைத்திருந்த ஆறு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. 1973 ஜூலை 12ஆம் திகதி நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் அதன் ஆறாம் மாடியில் தீப்பிடித்தது. கோவைகள் இருந்த மாடிகளில் தானாக நீர் தெளிக்கும் குழாய்கள் இருக்கவில்லை. பல தீயணைப்புப் படைகள் நாட்கணக்கில் போராடியே நெருப்பை முற்றாக அணைத்தன. எரிந்தவை சுமார் 160 இலட்சம் முதல் 180 இலட்சம் கோவைகள். 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோவைகளில் நூற்றுக்கு எண்பது வீதம் சாம்பலாகின. ஒன்றுக்கும் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. நுண்படச் சுருளும் இல்லை. எவருடைய கோவைகள் அங்கே இருந்தன என்பதற்கு ஒரு பட்டியல்கூட இல்லை! தீக்கான காரணம் இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை.

நெருப்புக்குத் தப்பியதை நீர் பிடித்துக்கொண்டது. தீயணைக்கப் பாய்ச்சிய நீரில் ஊறிய கோவைகளில் கோடை வெப்பத்தில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியது. அவற்றைப் பெட்டி பெட்டியாக எடுத்து, விமானக் கம்பனி ஒன்றின் பிரமாண்டமான வெற்றிட அறையில் உலர்த்தினார்கள். விளிம்பு கருகிய கடதாசிகளை இடுக்கியால் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்வதற்கென்றே ஊழியர்கள் இருக்கிறார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் அந்த வேலை முடியவில்லை.

உன் கோவை எரிந்துவிட்டது, போய் வா என்று அவர்கள் கையை விரித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேறிடங்களில் தப்பிக் கிடந்தவற்றைத் தேடிச் சேர்த்தார்கள். கடைசிச் சம்பளப் பட்டியல்கள், படைப்பிரிவுகளின் காலை அறிக்கைகள், வைத்தியசாலை அனுமதிப் பதிவுகள் என்பனவற்றைக் கொண்டு ஒருவரின் சேவையைத் துண்டு துண்டாக மீளக் கட்டியெழுப்புகிறார்கள். காலை அறிக்கை என்பது, இன்று முகாமில் யார் புதிதாக வந்தார், யார் நோயுற்றார், யார் காயமுற்றார் என்று ஒவ்வொரு பிரிவிலும் தினமும் எழுதப்பட்ட வரவுப் பதிவு. அன்று எவரும் பொருட்படுத்தாமல் எழுதிய ஒற்றை வரி இன்று ஒரு கிழவரின் ஒரே சாட்சியாகி நிற்கிறது.

கோவைகளில் தெளிவாக இருப்பதைப் பதிவு அலுவலகமே சேர்த்துக் கொடுத்துவிடும். முடியாவிட்டால் இராணுவப் பதிவுகளைத் திருத்தும் சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். 1946ஆம் ஆண்டின் சட்டமொன்றின் வழியே பிறந்த சபை இது. அதற்கு முன்னர் தவறான ஒரு பதிவைத் திருத்துவதற்கு நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்ததாம். ஒரு மனிதனின் கடதாசிக்காக ஒரு சட்டம்! சபையில் இருப்பவர்கள் சீருடை அணியாத சிவில் உத்தியோகத்தர்கள். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் குறைந்தது மூவர் பார்க்க வேண்டும். கட்டணம் இல்லை. தவறு தெரிய வந்து மூன்று வருடங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் நீதியின் பொருட்டு அந்த எல்லையைத் தளர்த்தச் சபைக்கு அதிகாரம் உண்டு.

விண்ணப்பதாரர் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இராணுவம் எழுதியது சரி என்ற ஊகத்துடனேயே சபை கோவையைத் திறக்கிறது. பிழை என்று காட்டும் பொறுப்பு கேட்பவருடையது. சேவைப் பதக்கம் என்றால், அவர் அங்கே இருந்தார் என்று கோவை காட்டினாலே போதும். காயமுற்றோருக்கான 'பர்ப்பிள் ஹார்ட்' பதக்கமோ அப்படியன்று. காயம் எதிரியின் செயலால் ஏற்பட்டதாக இருக்க வேண்டும், அதற்கு வைத்தியம் செய்திருக்க வேண்டும், அந்த வைத்தியம் பதிவாகியும் இருக்க வேண்டும். காட்டில் வைத்து ஒரு கட்டுப் போட்டுவிட்டு மீண்டும் துப்பாக்கியைத் தூக்கியவருக்கு எங்கே பதிவு? உடலிலுள்ள தழும்பு தனியே சாட்சியாகாது. பலருடைய விண்ணப்பங்கள் இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன. எனக்கு இது கடுமையாகத்தான் படுகிறது. ஆனாலும் பதிவில்லாமல் கொடுக்கத் தொடங்கினால் உண்மையாகக் காயமுற்றவரின் பதக்கமும் மலிந்துவிடும் என்ற அவர்களது பக்கத்தையும் ஒதுக்க முடியவில்லை.

தீர்ப்பு சாதகமானாலும் பழைய கடதாசியைக் கிழித்துப் புதியது தருவது வழக்கமல்ல. டீ.டீ. 215 என்ற திருத்தப் படிவம் ஒன்றை அதனுடன் சேர்த்து அனுப்புவார்கள். இன்னொன்று, சகோதரிகளே. உரியவர் மரணித்த பின்னரும் இந்தக் கதவு மூடுவதில்லை. மனைவியோ பிள்ளையோ விண்ணப்பிக்கலாம். அன்று முன்னணியிலிருந்து கணவன் எழுதிய கடிதங்களைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த மனைவிதான் பல வேளைகளில் எழுத்தில் எதையாவது காட்டக்கூடிய நிலையில் இருக்கிறாள்.

பெண்களைப் பற்றிச் சொல்லும்போது மேரி வோக்கரை விட்டுவிட முடியாது. 1855இல் வைத்தியப் பட்டம் பெற்ற இவர் அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்தார். 1864 ஏப்ரலில் எதிர்த்தரப்பிடம் பிடிபட்டு நான்கு மாதங்கள் சிறையிருந்தார். 1865 நவம்பரில் நாட்டின் அதியுயர் வீர விருதான கௌரவப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. ஐம்பது வருடங்களின் பின் விதிகளை இறுக்கிய இராணுவம், பட்டியலிலிருந்து 911 பெயர்களை 1917இல் நீக்கியது. அவர் ஒப்பந்த வைத்தியரேயன்றி இராணுவ அதிகாரி அல்லர் என்பது காரணம். பெண்ணுக்கு அதிகாரிப் பதவி கொடுக்காத இராணுவம், அதிகாரி இல்லையே என்று சொல்லிப் பதக்கத்தையும் பறித்தது. எண்பத்து நான்கு வயதான அந்த மாது பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க மறுத்து, 1919இல் கண்மூடும்வரை அதை அணிந்துகொண்டே நடந்தார். பின்னர் திருத்தச் சபை இந்த வழக்கை எடுத்துக்கொண்டது. 1977 ஜூனில் அவர் பெயர் மீண்டும் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பதக்கம் பெற்ற பெண் இதுவரை அவர் ஒருவரே.

அடுத்தவர் ஹென்றி ஜோன்சன். நியூயோர்க் மாநிலத்து ஓல்பனி நகரப் புகையிரத நிலையத்தில் பெட்டி சுமந்த கறுப்பினத்தவர். முதலாம் உலக யுத்தத்தில் 369ஆம் காலாட்படைப் பிரிவில் இருந்தார். அமெரிக்க இராணுவம் அந்தப் பிரிவைப் பிரெஞ்சுப் படையின் கீழ் விட்டிருந்தது. 1918 மே 15ஆம் திகதி இரவு, நீடம் ரொபர்ட்ஸ் என்ற தோழருடன் காவலில் நின்றபோது ஜேர்மன் படையினர் ஒரு டசினுக்குக் குறையாதோர் அவர்கள்மேல் பாய்ந்தார்கள். ரொபர்ட்ஸ் படுகாயமுற்றார். ஜோன்சன் குண்டெறிந்தார். துப்பாக்கி இயங்காமற் போனதும் கத்தியை எடுத்தார். தோழரை இழுத்துச் செல்ல முயன்றவர்களை விரட்டியடித்தார். அவர் உடலில் 21 காயங்கள். பிரான்ஸ் உடனேயே தனது உயர்ந்த வீர விருதுகளில் ஒன்றை அவருக்கு அளித்தது. சொந்த நாட்டின் விடுதலைப் பத்திரத்திலோ அந்தக் காயங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1929இல் அவர் மரணமானார். எங்கோ ஓர் ஏழைகளின் மயானத்தில் அடக்கப்பட்டார் என்றே பலரும் எண்ணியிருந்தனர். 2002இல்தான் அவரது கப்று ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் இருப்பது கண்டறியப்பட்டது.

அவருக்காகப் பல வருடங்கள் போராடியவர்களில், தம்மை அவரது மகன் என்று நம்பிய ஒரு முன்னாள் விமானப்படை வீரரும் அவருடைய குடும்பத்தினரும் இருந்தார்கள். 1996இல் 'பர்ப்பிள் ஹார்ட்' கிடைத்தது. 2002இல் அதைவிட உயர்ந்த விருதொன்று வந்தது. சம்பவம் நடந்த நாட்களில் தளபதி பேர்ஷிங் அனுப்பிய அறிக்கையொன்று பின்னர் அகப்பட்டது. காலவரம்பைத் தளர்த்த நாடாளுமன்றமும் இணங்கிற்று. கௌரவப் பதக்கம் வழங்க எல்லாம் ஆயத்தமான வேளையில், இராணுவம் வழமைபோல் குடும்ப வரலாற்றை ஆராய்ந்தது. ஜோன்சனுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் இரத்த உறவு இல்லை என்று அந்த ஆராய்ச்சி சொன்னது! தந்தையின் தந்தை என்று எண்ணி அவர் பெயருக்காக ஓடித்திரிந்த பேத்திக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒரு பிழையான கடதாசியை எதிர்த்துப் போராடியவர்களை இன்னொரு கடதாசி வெளியே நிறுத்திவிட்டது. 2015 ஜூன் 2ஆம் திகதி ஜனாதிபதி ஒபாமா பதக்கத்தை வழங்கியபோது, குடும்பத்தவர் எவரும் இல்லாமையால் நியூயோர்க் தேசியக் காவற்படையின் சார்ஜன்ட் ஒருவர் அதைப் பெற்றுக்கொண்டார்.

2023இல் லூசியானா மாநிலத்தின் பெரிய இராணுவ முகாம் ஒன்றுக்கு ஜோன்சனின் பெயர் சூட்டப்பட்டது. 2025இல் அது மாற்றப்பட்டு, முகாம் மீண்டும் 'போர்ட் போக்' என்ற பழைய பெயருக்குத் திரும்பியது.